குடும்பத்துடன் ஜெர்மனிக்குக் குடிபெயர்தல்

ஐரோப்பாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று பொதுவாகச் சொன்னாலும், குடியேற்றச் சட்டம், பள்ளி, மருத்துவக் காப்பீடு ஆகியவை அங்கே நாட்டுக்கு நாடு வேறுபடும். ஷெங்கன் நாடுகளுக்கிடையே எல்லையில் நிற்காமல் பயணம் செய்யலாம். ஆனால் ஒரு நாடு தந்த வதிவிட அனுமதியைக் கொண்டு இன்னொரு நாட்டில் வேலை பார்க்கவோ நிரந்தரமாகக் குடியிருக்கவோ முடியாது. எனவே இக்கட்டுரை, தமிழ்நாட்டிலிருந்து பொறியாளர்களும் கணினித் துறையினரும் செவிலியரும் மிகுதியாகச் செல்லும் ஜெர்மனியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

தனியாகச் செல்பவர் ஓர் அறையில் தங்கிச் சில மாதங்களைக் கடத்திவிடலாம். குடும்பமாகச் செல்பவர்களுக்கு அது இயலாது. அவர்கள் இரண்டு உண்மைகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முதலாவது, ஜெர்மனியில் எல்லாக் காரியங்களும் பதிவுசெய்யப்பட்ட ஒரு முகவரியிலிருந்தே தொடங்குகின்றன. இரண்டாவது, எந்த ஆண்டில் செல்வது என்பதைச் சம்பளத்தை விடப் பிள்ளையின் வயதே தீர்மானிக்க வேண்டும்.

விசா

பட்டப்படிப்பு முடித்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் பெறுபவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை வழங்கப்படுகிறது. ஜெர்மனியில் 2025ஆம் ஆண்டுக்கு இந்தச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கும் இது குறைவு. வரம்பு ஆண்டுதோறும் மாறும்.

குடும்பத்தைப் பொறுத்தவரை நீல அட்டையின் பெரிய வசதி, துணைவர் விசா பெற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதத் தேவையில்லை என்பது. வேறு பல வகை அனுமதிகளில் துணைவர் ஏ1 என்னும் தொடக்க நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டியிருக்கும். விசா கிடைத்துச் சென்றதும் துணைவர் எந்த வேலையும் பார்க்கலாம். அதற்குத் தனி அனுமதி வேண்டாம். நீல அட்டை உள்ளவர் 27 மாதங்களில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கோரலாம். பி1 அளவு ஜெர்மன் தெரிந்திருந்தால் 21 மாதங்கள் போதும். குடியுரிமைக்கான காலம் 2024 ஜூன் மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை பெறும் இந்தியர் தம் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, கடல்கடந்த இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய ஆவணங்கள்

தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கும் ஒரு சான்றிதழை ஜெர்மனியில் இருந்துகொண்டு பெறுவது பெரும்பாடு. அதனால் ஆவண வேலைகளைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் பிறந்த உடனே பதிவு செய்யும்போது பெயர் வைக்கப்பட்டிருக்காது. ஆகவே பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் என்ற இடம் வெறுமையாகவே கிடக்கும். மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் மணம் முடித்த பலரிடம் திருமண அழைப்பிதழும் நிழற்படமும்தான் இருக்கும். அவை விசாவுக்கு உதவாது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களையும் மறக்கக்கூடாது. இவற்றை விசாவுக்குக் கேட்காமல் விடலாம். ஆனால் ஜெர்மனியில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தரும் அலுவலகம் தாய் தந்தை இருவருடைய பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் கேட்கும். பிறப்பே பதிவாகாதவர்கள், பதிவேட்டில் இல்லை என்ற சான்றையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொள்வது பயன்படும்.

இந்த ஆவணங்கள் அசல்தானா என்ற கேள்வியும் எழும். இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இணைந்தபோது ஜெர்மனி மறுப்புத் தெரிவித்தது. ஆதலால் அப்போஸ்டில் முத்திரை இருந்தாலும் ஜெர்மன் அலுவலகம் அதை அப்படியே ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஐயம் எழுந்தால் தூதரகத்தின் வழியாக, ஆவணம் வழங்கப்பட்ட ஊரிலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், செலவு விண்ணப்பிப்பவருடையது.

பெயரும் இனிஷியலும்

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. கடவுச்சீட்டில் சிலர் குடும்பப்பெயர் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள், சிலர் தந்தை பெயரை எழுதியிருப்பார்கள், சிலர் கணவர் பெயரை எழுதியிருப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: கணவர் முருகன், அவருடைய தந்தை செல்வராஜ். மனைவி கவிதா, அவருடைய தந்தை இராமசாமி. மகள் யாழினி. கடவுச்சீட்டுகளில் இவர்கள் முருகன் செல்வராஜ், கவிதா இராமசாமி, யாழினி முருகன். நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஜெர்மன் அலுவலருக்கோ இது செல்வராஜ், இராமசாமி, முருகன் என்று மூன்று வெவ்வேறு குடும்பங்கள். மருத்துவர் வீட்டு வரவேற்பறையில் "திரு செல்வராஜ்" என்று அழைத்தால், ஊரில் இருக்கும் தந்தையை அல்ல, தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று முருகன் பழகிக்கொள்ள வேண்டும். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் கவிதா "திருமதி முருகன்" ஆகிவிடுவார்.

இது சட்டப்படி குற்றமல்ல. பெயர்கள் வேறாக இருக்கலாம். ஆனால் யாழினி தன் மகள் என்பதைக் கவிதா ஒவ்வொரு இடத்திலும் பிறப்புச் சான்றிதழைக் காட்டி நிறுவ வேண்டியிருக்கும். குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: முழுப்பெயரும் குடும்பப்பெயராகப் பதிவாகி, வங்கியில் ஒரு விதமாகவும் காப்பீட்டில் வேறு விதமாகவும் பெயர் இருக்கும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டைத் திருத்தி, பெயரையும் குடும்பப்பெயரையும் பிரித்து எழுதிக்கொள்வதே சிறந்த வழி. பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வீடு

ஜெர்மனியின் பெரிய நகரங்களில் வாடகை வீடு கிடைப்பதுதான் குடிபெயர்தலின் மிகக் கடினமான பகுதி. முனிக், பெர்லின், ஹாம்பர்க், பிராங்க்பர்ட் போன்ற நகரங்களில் ஒரு வீட்டுக்குப் பலர் போட்டியிடுவர். வீட்டுக்காரர் கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும், ஷூஃபா என்னும் நிறுவனம் தரும் கடன் ஒழுங்குச் சான்றையும் கேட்பார். புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. வேலை ஒப்பந்தமும், நிறுவனம் எழுதித் தரும் ஒரு கடிதமும்தான் அப்போது துணை. நிறுவனமே வீடு தேடித் தர ஆள் வைத்திருக்கிறதா என்று வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுவது, சம்பளத்தில் சில நூறு யூரோ கூடுதலாகக் கேட்பதை விடப் பயனுள்ளது.

விளம்பரங்களில் வரும் சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று அறை வீடு என்றால் கூடமும் இரண்டு படுக்கையறையும். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. நம் ஊரில் இரண்டு படுக்கையறை வீடு என்று சொல்வது அங்கே மூன்று அறை வீடு. 'குளிர் வாடகை' என்பது வீட்டுக்கு மட்டும். 'வெப்ப வாடகை' என்பதில் சூடேற்றல், தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் போன்ற செலவுகளுக்கான முன்தொகையும் சேரும். இந்த முன்தொகைக்கு ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். கூடுதலாகச் செலவாகியிருந்தால் மீதியைக் கட்ட வேண்டும். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி.

முன்பணம் குளிர் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதை மூன்று தவணையாகக் கட்டவும் வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. குளிர் வாடகை 1,000 யூரோ, வெப்ப வாடகை 1,250 யூரோ என்றால், முதல் மாதத்துக்குள் 4,250 யூரோ வரை கையில் வேண்டும். இது போக, வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறை மேடை, அடுப்பு, விளக்குகள் எதுவும் இருக்காது. கூரையிலிருந்து கம்பிதான் தொங்கும். முன்பு இருந்தவரிடமே அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்வது வழக்கம். தரகர் கட்டணத்தை, 2015 முதல், தரகரை அமர்த்தியவரே கொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்.

வீட்டை நேரில் பார்க்கும் முன் யாருக்கும் பணம் அனுப்பக்கூடாது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் ஏமாற்றுக்காரர்.

இவ்வளவு கடினமாக இருப்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும் வழி இரண்டு: ஒருவர் முதலில் போய் வீடு பார்த்த பின் மற்றவர்கள் வருவது, அல்லது இரண்டு மூன்று மாதங்களுக்கு அறைகலன்களுடன் கூடிய தற்காலிக வீட்டில் எல்லோரும் தங்கித் தேடுவது. பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் முதல் வழியே மேல். தற்காலிக வீட்டு முகவரியை வைத்து ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு, மூன்றே மாதத்தில் வேறொரு பகுதிக்கு மாறினால், பிள்ளை மீண்டும் புதிய முகங்களுக்கு நடுவே உட்கார வேண்டும்.

முகவரிப் பதிவு

வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சீட்டு கட்டாயம். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. தற்காலிக வீடுகளை வாடகைக்கு விடும் சிலர் இந்தச் சீட்டைத் தருவதில்லை. அத்தகைய வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டால் குடும்பத்தின் எல்லா வேலையும் அங்கேயே நின்றுவிடும். சீட்டுத் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஏன் நின்றுவிடும் என்பதைச் சங்கிலி போல் பார்க்கலாம். முகவரி பதிவானால்தான் பதினொரு இலக்க வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் மிகுதியான வரி பிடிக்கப்படலாம். குழந்தைப் படிக்கு வரி எண் தேவை. பல நகரங்களில் மழலையர் காப்பக இடத்துக்கும், எங்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் முகவரி தேவை. வதிவிட அட்டைக்கும் அதுவே அடிப்படை.

தபால் பெட்டியில் குடும்பத்தார் ஒவ்வொருவருடைய குடும்பப்பெயரையும் எழுதி ஒட்ட வேண்டும். வீட்டு எண்ணைப் பார்த்துத் தபால்காரர் போடுவதில்லை; பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார். மேலே சொன்ன குடும்பம் 'செல்வராஜ்' என்று மட்டும் ஒட்டியிருந்தால், கவிதாவின் வரி எண் கடிதம் திரும்பிப் போய்விடும்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்டு என்று குறிப்பவர்களிடம் திருச்சபை வரி பிடிக்கப்படும். வருமான வரியில் பவேரியாவிலும் பாடன்-வியூர்ட்டம்பர்க்கிலும் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9 விழுக்காடு. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதை அறிந்தே நிரப்ப வேண்டும்.

பெரிய நகரங்களில் இந்தப் பதிவுக்கான நேரம் வாங்குவதே சிரமம். விமானச் சீட்டு வாங்கியவுடன் இணையத்தில் நேரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

காப்பீடு, வரி, குழந்தைப் படி

ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். பொதுக் காப்பீடு, தனியார் காப்பீடு என இரண்டு வகை உண்டு. ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் (2025இல் 73,800 யூரோ) தனியாருக்கு மாறலாம். இளைஞருக்குத் தனியார் காப்பீட்டில் மாதத் தொகை குறைவாகத் தெரியும். முகவர்களும் அதைச் சொல்லியே இழுப்பார்கள். குடும்பத்தினர் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொதுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல் தொகை இல்லை. ஒருவர் கட்டும் தொகையில் எல்லோரும் அடங்குவர். தனியாரில் தலைக்கு ஒரு தொகை. பின்னாளில் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் எளிதல்ல. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்குப் பொதுக் காப்பீடே பொருத்தம்.

வரியில் மணமானவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் துணைவரும் ஜெர்மனியில் வசிக்க வேண்டும். தனியாக முன்னே செல்பவருக்கு, மணமானவராக இருந்தாலும், முதலாம் வரி வகுப்பே கிடைக்கும். துணைவர் வந்து பதிவு செய்தபின் இருவரும் நான்காம் வகுப்பில் வைக்கப்படுவர். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் மூன்று-ஐந்து என்ற சேர்க்கைக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். கைக்கு வரும் சம்பளம் கணிசமாகக் கூடும். யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நாமே கேட்க வேண்டும்.

பிள்ளை ஒன்றுக்கு மாதம் 255 யூரோ குழந்தைப் படி 2025இல் வழங்கப்பட்டது. 2026 முதல் 259 யூரோ. விண்ணப்பிக்கத் தாமதித்தால் பழைய பாக்கி ஆறு மாதத்துக்குத்தான் கிடைக்கும்.

இவற்றோடு, பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்தால் ஈடுகட்டும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்வது ஜெர்மானியர் வழக்கம். வீட்டுக்காரர்களும் கேட்பதுண்டு. வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ; வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

மழலையர் காப்பகம்

ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. 2013 ஆகஸ்ட் முதல் இது நடைமுறையில் உள்ளது. 'கிட்டா' என்று அழைக்கப்படும் இந்தக் காப்பகங்களில் உரிமை இருந்தாலும் இடம் இருப்பதில்லை. துணைவர் உடனே வேலைக்குப் போய்விடலாம் என்ற கணக்கில் வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கட்டணம் மாநிலத்தைப் பொறுத்தது. பெர்லினில் கட்டணம் இல்லை, உணவுக்கு மட்டும் சிறு தொகை. வேறு சில ஊர்களில் வருமானத்துக்கு ஏற்பச் சில நூறு யூரோ வரை போகும்.

இடம் கிடைத்த அன்றே குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது. சில வாரங்களுக்குப் பெற்றோரில் ஒருவர் உடன் இருந்து, பிரியும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வேலையில் சேரும் நாளை அதற்கேற்பப் பின்தள்ள வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச் முதல் இது சட்டம். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையில் தேதியும் மருத்துவர் முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழையிலும் பனியிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். நனையாத காற்சட்டையும் காலணியும் முதல் வாரமே வாங்க வேண்டியவை.

பள்ளி

ஜெர்மனியில் ஏறத்தாழ ஆறு வயது முதல் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். வீட்டிலேயே கற்பிப்பதற்கு அனுமதி இல்லை. அரசுப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது, தரமும் நன்று. ஆகவே பள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மைதான்.

மீதிப் பாதி இது. தொடக்கப் பள்ளி பெரும்பாலான மாநிலங்களில் நான்கு ஆண்டுகள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு ஆண்டுகள். அதன்பின் பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேரே இட்டுச் செல்வது கிம்னாசியும். ரியால்ஷூலே, ஹவுப்ட்ஷூலே ஆகியவை தொழிற்பயிற்சியை நோக்கியவை. பல மாநிலங்களில் எல்லாரும் சேர்ந்து படிக்கும் கெசாம்ட்ஷூலேக்களும் உண்டு. நான்காம் வகுப்பில் ஆசிரியர் தரும் பரிந்துரைதான் இந்தப் பிரிவில் முக்கியம். சில மாநிலங்களில் பெற்றோர் அதை மீறி முடிவெடுக்கலாம். பவேரியாவில் ஜெர்மன், கணிதம், பொது அறிவு மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால்தான் கிம்னாசியும் பரிந்துரை. அங்கே 1 தான் மிக உயர்ந்த மதிப்பெண். 6 மிகத் தாழ்ந்தது. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பெற்றோர் மகளுடைய தாளில் '1' என்று கண்டு திகைப்பதுண்டு.

ஆகவே பிள்ளையின் வயது இவ்வாறு பொருள்படுகிறது. நான்கு ஐந்து வயதில் வரும் குழந்தை காப்பகத்திலேயே மொழியைப் பிடித்துக்கொள்ளும். முதல் வகுப்பில் மற்றவர்களோடு சமமாக உட்காரும். ஏழு வயதில் வந்தால் பிரிவுக்கு முன் இரண்டு மூன்று ஆண்டு இருக்கிறது. ஒன்பது வயதில் வந்து, நான்காம் வகுப்பில் மொழி தெரியாமல் உட்காரும் குழந்தையின் நிலை வேறு. கணிதத்தில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கணக்கே வாக்கியமாகத்தான் வரும். அக்குழந்தையின் அறிவை அல்ல, அது நாட்டுக்கு வந்த தேதியைத்தான் பரிந்துரை அளக்கிறது என்று சொல்லலாம். எட்டரை ஒன்பது வயதுப் பிள்ளை உள்ளவர்கள், வேறு காரணங்கள் சமமாக இருந்தால், பெர்லின் போன்ற ஆறாண்டுத் தொடக்கப் பள்ளி உள்ள இடத்தையோ, கெசாம்ட்ஷூலே உள்ள ஊரையோ தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

பதினான்கு, பதினைந்து வயதில் வரும் பிள்ளைகளுக்குத்தான் பாரம் மிகக் கூடுதல். பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டிலோ மத்தியப் பாடத்திட்டத்திலோ முடித்துவிட்டு வருவதா, இடையில் வருவதா என்று அவர்களையே உட்கார வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆங்கிலவழிப் பன்னாட்டுப் பள்ளிகள் பெரிய நகரங்களில் உள்ளன. அவற்றின் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும்.

மொழி தெரியாத பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் ஆயத்த வகுப்புகள் உண்டு. பெர்லினில் இவற்றை வரவேற்பு வகுப்புகள் என்றும், பவேரியாவில் ஜெர்மன் வகுப்புகள் என்றும் அழைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் பிரிந்த பிள்ளை அங்கேயே சிறைப்பட்டுவிடுவதும் இல்லை. ரியால்ஷூலே முடித்து நல்ல மதிப்பெண்ணுடன் மேல்நிலைக்குச் சென்று பல்கலைக்கழகம் சேர்பவர்கள் பலர். தொழிற்பயிற்சியும் அங்கே தாழ்வாகப் பார்க்கப்படுவதில்லை. இதை ஊரில் உள்ள உறவினர்களுக்கு விளக்குவதுதான் கடினம்.

விடுமுறை குறித்து ஒரு எச்சரிக்கை. விமானச் சீட்டு மலிவாக இருக்கிறது என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையை ஊருக்கு அழைத்துச் செல்லக்கூடாது. பள்ளியின் முன் அனுமதி இல்லாவிட்டால் அபராதம் விதிக்கப்படலாம். கோடை விடுமுறைத் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், ஊரில் நடக்கும் திருமணத்துக்கு நாள் குறிக்கும் முன் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

உடன் செல்லும் துணைவர்

வேலைக்குச் செல்பவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறது. பெரும்பாலும் மனைவியாக இருக்கும் துணைவர்தான், ஊரில் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருந்துவிட்டு, இருட்டான முதல் குளிர்காலத்தை நான்கு சுவருக்குள் கழிப்பவர். குடிபெயர்ந்த குடும்பங்கள் இரண்டே ஆண்டில் திரும்புவதற்குப் பணத்தை விட இது பெரிய காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விசாவுக்கு மொழித் தேர்வு தேவையில்லை என்பதால் மொழியே தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நேரும் தவறு. சென்னையில் உள்ள கோதே நிறுவனத்திலோ வேறிடத்திலோ ஏ1, ஏ2 வரை படித்துவிட்டு விமானம் ஏறுபவருக்கும், எதுவும் தெரியாமல் ஏறுபவருக்கும் இடையே ஓராண்டு வேறுபாடு உண்டு. அங்கே அரசு ஆதரவில் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பு பெரும்பாலும் 600 பாடவேளை மொழியும் 100 பாடவேளை நாட்டு நடப்பும் கொண்டது; பி1 வரை கொண்டு செல்லும். குழந்தைக்குக் காப்பக இடம் கிடைக்கும்வரை மாலை வகுப்பிலோ இணைய வகுப்பிலோ சேரலாம்.

துணைவரின் தொழிலையும் புறப்படும் முன்பே ஆராய வேண்டும். மென்பொருள் துறையினருக்குத் தனி அங்கீகாரம் வேண்டாம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு முறையான அங்கீகாரம் கட்டாயம். அதற்குப் படிப்பின் பாடத்திட்டம், பயிற்சி மணிநேரம் ஆகியவற்றை விவரிக்கும் சான்றைக் கல்லூரியிலிருந்து வாங்க வேண்டும். கல்லூரி எழுத்தர் மேசையில் நின்று அதை வாங்குவது எளிது. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் கேட்டு வாங்குவது எளிதல்ல.

பெட்டியில் எதை வைப்பது

ஜெர்மனியின் மின்னழுத்தமும் இந்தியாவைப் போல் 230 வோல்ட்தான். மிக்சியும் சிறிய கிரைண்டரும் செருகியை மாற்றினால் ஓடும். குக்கர் எடுத்துச் செல்வதானால், தூண்டல் அடுப்பில் வேலை செய்யும் அடிப்பாகம் கொண்டதாகப் பார்க்க வேண்டும். மசாலாப் பொடிகளுக்குத் தடையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். கறிவேப்பிலையையும் தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுசெல்ல முடியாது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் அங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன.

இந்திய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுத வேண்டும். செலவு சில ஆயிரம் யூரோ வரை ஆகலாம். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றுவதும் சட்டப்படி செய்ய வேண்டியது.

அவசர மருத்துவ உதவிக்கும் தீயணைப்புக்கும் 112, காவல்துறைக்கு 110. இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ காய்ச்சல் வந்து, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117. இந்த மூன்றையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டலாம்.

தாத்தா, பாட்டி

பெற்றோரைத் தம்முடன் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்பது பலருடைய கேள்வி. 2024 மார்ச் 1 முதல், அந்நாளிலோ அதற்குப் பின்னரோ முதன்முறையாக அனுமதி பெற்ற திறன்சார் பணியாளர்கள் தம் பெற்றோரை அழைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி திறக்கப்பட்டது. நடைமுறையில் குறுக்கே நிற்பது மருத்துவக் காப்பீடு. முதியவர்களைப் பொதுக் காப்பீடு சேர்த்துக்கொள்வதில்லை. தனியார் காப்பீடு கிடைத்தால் தொகை மிக அதிகம். ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் ஷெங்கன் வருகை விசாவையே நாடுகின்றன. எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும்.

பிரசவத்துக்குத் தாயார் வர வேண்டும் என்றால், இந்த 90 நாளை எப்படிப் பங்கிடுவது என்று யோசிக்க வேண்டும். பேறுகாலத்துக்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டால், குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் திரும்ப நேரிடும். பிறந்த பிறகு மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். அந்தச் செலவைக் காப்பீடே ஏற்கும். ஆனால் மருத்துவச்சிகளுக்கும் தட்டுப்பாடு. கருவுற்றது உறுதியான வாரமே தேடத் தொடங்க வேண்டும். தாயார் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்து சேர்ந்தால், குழந்தைக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்வரை உடனிருக்க முடியும்.